கட்டி வைத்த லீவர்

கல்லணையில் திறந்து ஐந்து நாள்.
நாளைக்குள் இங்கே வந்துவிடும் என்று
லஸ்கர் சொல்லிவிட்டுப் போனார்.
ஓடம்போக்கியில் ஓடம் போய் நாங்கள் பார்த்ததில்லை.
சித்திரையும் வைகாசியும் நாங்கள்தான் போனோம்,
காய்ந்த மணலில்
கருவேலங்குச்சி நட்டு எல்லை குறித்து,
புழுதி பறக்க.

முன் பிரேக்கைப் பிடித்தால்
சாம்பாரில் ஊறிய இட்லியைப் பிடித்த மாதிரி.
லீவர் கைப்பிடியில் போய் முட்டிய பிறகும்
சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றுகிறது.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்.
மேலே ஒருவன் அமுக்கிப் பிடிக்க,
கீழே ஒருவன் நிப்பிளைத் திறந்து மூட.
இளஞ்சேரனைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.
அவனே வந்தான்,
தங்கச்சியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து,
இடது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு.
"கைக்கு ஒண்ணும் ஆகலையே," என்றான்.

அந்தக் காலை முறித்தது இந்த வண்டி.
ஓட்டியது நான்.

பம்ப்செட் கொட்டகை. ஒற்றை பல்பு. ஈசல்.
திருவாரூரில் வாங்கிய புது ஆயில், சீல் பிரிக்காதது.
எட்டாம் நம்பர் ஸ்பானர்.
கண்ணாடி டியூப் வாங்க மறந்திருந்தேன்.
அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்தான்,
மெடிக்கல் காலேஜில் மூன்று நாள்
அவன் கையில் ஏறிய சலைன் டியூபை.
"தூக்கிப் போடச் சொன்னாங்க.
எதுக்காச்சும் ஆகும்னு வச்சுக்கிட்டேன்."

லைட்டரில் முனையைச் சுடவைத்து நிப்பிளில் மாட்டினேன்.
மூடியைக் கழற்றினால் உள்ளே
மூன்றாம் முறை கொதித்த டீயின் நிறம்.

அமுக்கு.
அமுக்கு.
அமுக்கு. பிடி.
திறந்தேன். கறுப்பாய் ஒரு மடக்கு,
அதன் பின்னால் குமிழிகள், வரிசையாய்,
எறும்பு போவதுபோல.
மூடினேன். விடு.

நான் மூடும் முன் அவன் விட்டால்
போன காற்று திரும்ப ஏறிவிடும்.
அவன் ஒருமுறைகூட முந்தி விடவில்லை.

ஆஸ்பத்திரியில் இதே டியூபில் குமிழி வந்தால்
நர்ஸ் பதறிப்போய்ச் சுண்டுவாராம்.
இங்கே ஒவ்வொரு குமிழிக்கும்
இரண்டு பேரும் தலை குனிந்து காத்திருந்தோம்.

இருபதாவது முறையோ என்னவோ,
பிடித்தபடியே கேட்டான்:
"ஞாயித்துக்கிழமை நீ பிடிச்சியா?"

"பிடிச்சேன்."

ஸ்பானரை எடுக்காமல்
மீதியையும் சொன்னேன்.
லீவர் இளகியது புதன்கிழமையே தெரியும்.
ஒரு ரேஸ்தானே, தாங்கும் என்று நினைத்தேன்.

ஒரு ஈசல் ஆயில் டப்பாவில் விழுந்து
சிறகு கழன்று மிதந்தது.
குச்சியால் எடுத்துப் போட்டான்.
"ஆயில் குறையுது பாரு, ஊத்து," என்றான்.
ஊற்றினேன்.
கை நடுங்கி டேங்கில் இரண்டு சொட்டு தெறித்தது.
சிவப்பு பெயின்ட்டைத் தின்னும் முன்
அவன்தான் தண்ணீர் விட்டுத் துடைத்தான்.

காலிப்பரை ஸ்பானரின் வாலால் தட்டினோம்.
இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று.
பிறகு டியூபில் தேன் நிறம் மட்டும்.
ஆனாலும் எங்கோ ஒரு கடுகளவு ஒளிந்திருக்கும்.
பழைய சைக்கிள் டியூபை அறுத்து
லீவரைக் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டினேன்.
இரவெல்லாம் அப்படியே கிடந்தால்
மிச்சக் காற்று தானாக மேலே ஏறிவிடும்.
மன்னிப்பு கேட்கவில்லை.
கேட்டிருந்தால் "சரி" என்றிருப்பான்.
அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

விடியலில் அவிழ்த்தோம்.
விரலகலம் வந்ததும் லீவர் நின்றது.
"கல்லு," என்றான் இளஞ்சேரன்.
திரும்பத் திரும்ப அமுக்கினான்.

கரைக்கு வெளியே சத்தம் கேட்டது,
யாரோ கோணிச்சாக்கை இழுத்துப் போகிற மாதிரி.
தண்ணீர்.
நுரையும் சருகும் ஒரு ஒற்றைச் செருப்பும் முன்னால் தள்ளி
நடைவேகத்தில் வந்துகொண்டிருந்தது.
எங்கள் டயர்தடங்களை ஒவ்வொன்றாய் நிரப்ப நிரப்ப
மணலுக்குள்ளிருந்து குமிழிகள்
பொளபொளவென்று மேலே வந்தன.
அவன் விழுந்த வளைவும்
அப்படித்தான் கொஞ்சநேரம் கொதித்து அடங்கியது.

இனி தை முடியும்வரை ஓட்ட இடமில்லை.
வண்டிக்கு இப்போது நல்ல பிரேக்.

"கட்டு நனையப்போவுது, மேல வா," என்றேன்.
அவன் என் தோளில் கை போட்டான்,
ஏறுவதற்காக. அதற்கு மட்டும்தான்.
கனமாக இருந்தான்.